நிலைக்க இடம் கொடுத்தோமா?

"இவர் எங்கும் நிலைக்காதவர்." இந்த மூன்றே சொற்களால் ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பைத் துடைத்தெறிந்துவிட முடியும் என்பதை நாம் ஒருநாள் கண்ணெதிரே கண்டோம். கண்டோம் என்பதுகூட முழு உண்மையன்று. துடைத்தெறிந்த கைகளுள் நம் கையும் ஒன்று. ஆகவே, இக்கட்டுரையைப் பிறர்மேல் நாம் தொடுக்கும் வழக்கு என்று வாசகர்கள் கொள்ள வேண்டா. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் நாமும் வாதிடுகிறோம்.

நிகழ்ந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளிக்குக் கணித ஆசிரியர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் குழுவில் நாமும் ஒருவராய் அமர்ந்திருந்தோம். வந்தவர் நாற்பதைக் கடந்தவர். கரும்பலகையில் அவர் நடத்திக்காட்டிய பாடம் தெளிந்த நீரோடைபோல் இருந்தது. அவர் வெளியே சென்றபின், குழுவின் தலைவர் மேசைமேல் கிடந்த தன்விவரக் குறிப்பை விரலால் தட்டிக் காட்டினார். இருபது ஆண்டுகளில் ஆறு பள்ளிகள். அதன்பின் ஓர் அரிசி ஆலையில் கணக்கர் வேலை. "ஏழு இடத்தில் நிலைக்காதவர் எட்டாவது இடத்தில் நிலைப்பாரா? நம்மிடமும் மூன்று மாதம்தான்" என்றார். ஒருவர் சிரித்தார். மற்றொருவர், "யாருடனும் ஒத்துப்போக மாட்டார் போலும்" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தோம். ஏன் மாறினீர் என்று அந்த மனிதரை எவரும் கேட்கவில்லை.

அவருக்குப் பதிலாகப் பணியனுபவம் ஏதுமற்ற இளைஞர் ஒருவரைத் தெரிந்தெடுத்தோம். ஐந்தாம் மாதம் அவருக்குப் பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. கல்வியாண்டின் நடுவிலே வகுப்பை விட்டுச் சென்ற அவரை, "வாழ்வில் முன்னேறுகிறார்" என்று வாழ்த்தி, இனிப்பு வழங்கி வழியனுப்பினோம். அதிக ஊதியத்திற்காக ஓடுபவர் முன்னேறுகிறவர். ஊதியம் கிடைக்காமல் ஓடுபவர் நிலையற்றவர். இந்த இரட்டை அளவுகோல் அன்று நம் கண்ணில் படவில்லை.

அதே ஆண்டு கார்த்திகைத் தீபத்தை ஒட்டி, உறவினர்க்கு அறை கேட்டுச் செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதிக்குச் சென்றோம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அந்தக் கணித ஆசிரியரே அமர்ந்திருந்தார். நம்மை அடையாளம் கண்டுகொண்டார். மனத்தாங்கல் எதுவும் காட்டவில்லை. கூட்டம் சற்றே ஓய்ந்த வேளையில், நாம் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

முதற் பள்ளியில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் விலகல் கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஜூனில் மீண்டும் புதியவராய்ச் சேர்ப்பார்கள். மே மாதத்திற்கு ஊதியம் இல்லை. நான்காம் ஆண்டு ஜூனில் அழைப்பு வரவில்லை. இரண்டாவது பள்ளி, மாணவர் சேர்க்கை குன்றி மூடப்பட்டது. மூன்றாவது பள்ளியில் இருந்தபோது தந்தையார் பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு மாத விடுப்புக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். நான்காவது பள்ளியில் அவருடைய மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். அரசுத் தேர்வு ஒன்றுக்காக அவற்றைக் கேட்டபோது, வேலையை விட்டால்தான் தருவோம் என்றார்கள். ஐந்தாவது பள்ளியில், நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக, பின்தங்கிய மாணவன் ஒருவனைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். வகுப்பாசிரியரான இவர் அதற்கு உடன்படவில்லை. ஆறாவது பள்ளியில் இருந்தபோது 2020ஆம் ஆண்டு மார்ச்சு வந்தது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடின, ஊதியம் நின்றது. அரிசி ஆலை சோறு போட்டது. முதலாளியின் மைத்துனர் ஊர் திரும்பியதும் கணக்குப் புத்தகம் கை மாறியது.

ஏழு மாற்றங்கள். இவற்றுள் எந்த ஒன்றை அவருடைய குணக்கேடு என்போம்? ஐந்தாவது மாற்றத்தை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு வெட்கமே மிகுகிறது. ஓர் ஏழைச் சிறுவனுக்காக வேலையைத் துறந்தவரை, வேலையில் ஊன்றாதவர் என்று நாம் ஒதுக்கினோம்.

இந்தப் பழியைச் சுமத்துவதற்கு நம்மிடையே சொற்பஞ்சமே இல்லை. 'கிளைக்குக் கிளை தாவும் குரங்கு', 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். 'உருளும் கல்லில் பாசி படியாது' என்பதையோ மேலைநாட்டாரிடமிருந்து கடன் வாங்கி வைத்திருக்கிறோம். மலையடிவாரத்தில் வாழும் நமக்குப் பாசி படிந்த கல்லில் கால் வைத்தால் என்ன நேரும் என்பது தெரியாதா? எனினும் பாசியையே தகுதி என்று எண்ணுகிறோம். அலுவலகத்தில் புதிதாய் ஒருவர் வந்து அமர்ந்தால், அவர் என்ன வேலை அறிந்தவர் என்று கேட்குமுன், இதற்குமுன் எத்தனை இடத்தில் இருந்தவர் என்று கேட்கிறோம். எண்ணிக்கை மூன்றைத் தாண்டினால் நண்பகல் உணவு வேளையில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடுகிறது. "போகிறவர்தானே" என்று அவருக்கு வேலையின் நுட்பங்களைச் சொல்லிக்கொடுப்பதில்லை, இன்பதுன்பங்களில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் அன்னியராகவே அமர்ந்திருந்து ஒருநாள் உண்மையிலேயே விலகிச் செல்லும்போது, "சொன்னோம் அல்லவா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த மனப்பான்மைக்கு வேர் எங்கே இருக்கிறது? 'அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம்' என்று சொல்லி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து, ஒரே அலுவலகத்தில் மாலையிட்டு ஓய்வுபெறுவதே மதிப்பான வாழ்வு என்று நம் தந்தையர் நம்பினர். அந்த நம்பிக்கைக்குப் பின்னே ஓய்வூதியமும், ஆண்டு ஊதிய உயர்வும், எவரும் எளிதில் வெளியேற்ற இயலாத பாதுகாப்பும் இருந்தன. இன்று அந்தப் பாதுகாப்பு பெரும்பாலோர்க்கு இல்லை. பாதுகாப்புப் போன பின்னும் அந்த அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கூரையில்லாதவனைப் பார்த்து, "ஏன் நனைந்தாய்?" என்று கேட்கிறோம்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையின் வயிற்றுப்பாடு பெரிதும் திங்களோடு வளர்ந்து திங்களோடு தேய்வது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் நடக்கும் மக்களையும், கார்த்திகையில் தீபம் காண வரும் இலட்சக்கணக்கானோரையும் நம்பியே விடுதிப் பணியாளரும், உணவகத்தில் பரிமாறுவோரும், ஆட்டோ ஓட்டுநரும், பூக்கட்டும் பெண்களும் பிழைக்கின்றனர். கொரோனாவின் காரணமாக 2020 மார்ச்சு தொடங்கி ஏறத்தாழ ஈராண்டுக்காலம் பௌர்ணமிக் கிரிவலத்துக்குத் தடை இருந்தது. அக்காலத்தில் தேரடி வீதியிலும் சின்னக்கடைத் தெருவிலும் பிழைத்தோரின் நிலை என்னவாயிற்று என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். பரிமாறியவர் கொத்தனாருக்குச் சித்தாளானார். ஆட்டோ ஓட்டியவர் அதே ஆட்டோவில் தக்காளியும் வெங்காயமும் விற்றார். சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்றனர். இரண்டே ஆண்டில் மூன்று நான்கு தொழில் மாறியவர்கள் இந்நகரில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களையும் நிலையற்றவர் என்போமா? முழுநிலவு நாளில் மலையைச் சுற்றி மனிதர் நடக்க இயலாமற் போனதற்கு அவர்களா பொறுப்பு?

தொற்றுநோயை விட்டுவிடுவோம். ஆரணியில் பட்டுத் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்ற குடும்பங்களையும், வந்தவாசியில் கோரைப்பாய்த் தொழிலை விட்டவர்களையும், ஜவ்வாது மலையிலிருந்து கூலி வேலைக்காக வெளிமாநிலங்களுக்கு இறங்கிச் செல்வோரையும் எண்ணிப் பார்க்கலாம். இவர்கள் தொழிலைக் கைவிட்டார்கள் என்று சொல்வதினும், தொழில் இவர்களைக் கைவிட்டது என்று சொல்வதே பொருந்தும்.

இனி, மனிதர் நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகவே நடத்தப்படும் சூழ்ச்சி ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு, தொழிலாளர்க்கு நிலைத்த பணித்தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. 24 மாத காலத்திற்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் 50 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் நிறுவனங்களும், பருவகால நிறுவனங்களும் அதன் வரம்பிற்கு வெளியே நிறுத்தப்பட்டன. நம் ஊர் விடுதிகளிலும் கடைகளிலும் எத்தனை, 50 பேர் வேலைசெய்யும் அளவுக்குப் பெரியவை? வரம்பிற்கு உட்பட்ட இடங்களிலோ, 480ஆம் நாள் நெருங்குமுன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, சில நாள் கழித்துப் புதிய பெயர்ப்பதிவில் சேர்ப்பதும், வேறு ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்கு மாற்றுவதும் பல முதலாளிகள் கற்றுக்கொண்ட தந்திரமாயின. ஒரே வாயிலில் நுழைந்து ஒரே இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியின் தாளில் மட்டும் நான்கு நிறுவனங்களின் பெயர்கள் ஏறின. அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாம், "நான்கு இடம் மாறியவர்" என்கிறோம்.

பணிக்கொடையின் கதையும் இத்தகையதே. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், 5 ஆண்டுகள் தொடர்ந்து பணிசெய்தவர்க்கே அவ்வுரிமையைப் பொதுவாக வழங்கியது. ஆசிரியர்கள் அச்சட்டத்தின்படி ஊழியர் ஆகார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதலே ஆசிரியர்க்கும் அவ்வுரிமை உண்டென்று ஆக்கியது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்வளவு நீண்ட போராட்டத்தின் பயன் ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டாமற் செய்ய, ஏப்ரல் மாதத்தில் எழுதி வாங்கப்படும் ஒரு விலகல் கடிதம் போதும் என்றே கணக்குப் போடுகிறார்கள். நம் கணித ஆசிரியர் முதற் பள்ளியில் ஐந்தாம் ஆண்டைத் தொடாமல் நின்றுபோனதில் வியப்பென்ன? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் பணிபுரிவோர்க்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் நம் நாக்கு மாறுமா என்பதே நம் கவலை.

பெண்களின் நிலையை எண்ணினால் இந்தப் பழியின் கொடுமை இன்னும் தெளிவாகும். மணமாகிக் கணவரின் ஊருக்குச் சென்றதால் ஒரு வேலை போகும். மகப்பேற்றால் ஒரு வேலை போகும். கணவருக்கு மாற்றல் வந்ததால் ஒன்று. மாமியாரைக் கவனிக்க ஆள் இல்லாமையால் ஒன்று. மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்திய சட்டத்திருத்தம் 2017இல் வந்தது. ஆயினும் கருவுற்ற செய்தியைத் தெரிவித்த மாதமே, "ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்னும் கனிந்த சொல்லால் வெளியே அனுப்பப்பட்டோர் எத்தனை பேர்! குடும்பம் குலையாமல் காத்ததற்காக நம் மறையுரைகளில் புகழப்படும் அதே பெண், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் ஊன்றி நிற்காதவளாகிறாள். தியாகம் என்று ஓரிடத்தில் போற்றுவதையே குறை என்று மற்றோரிடத்தில் எழுதுவது எந்த நீதி?

விலகல் கடிதங்கள் உண்மை பேசுவதில்லை என்பதையும் நாம் கருத வேண்டும். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். ஊதியம் மூன்று மாதம் வரவில்லை என்றோ, மேலாளர் தகாத முறையில் நடந்தார் என்றோ, சாதிப் பெயரைச் சொல்லிக் குத்தினார்கள் என்றோ, பொய்க்கணக்கு எழுதச் சொன்னார்கள் என்றோ எவரும் எழுதுவதில்லை. எழுதினால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. அடுத்த நேர்முகத்தேர்விலும் சொல்வதில்லை. சொன்னால், "பழைய முதலாளியைத் தூற்றுகிறவர்" என்னும் மற்றொரு பழி வந்து சேரும். இவ்வாறு, துன்புற்றவர் மௌனமாக இருக்கக் கடமைப்பட்டவராகவும், அந்த மௌனத்திற்குப் பொருள் சொல்லும் உரிமை நம்முடையதாகவும் ஆகிவிடுகிறது. வெற்றிடத்தை நாம் எப்போதும் அவருடைய குறையாலேயே நிரப்புகிறோம்.

இடமாற்றத்தையே நாம் இழிவாகக் கருதுகிறோமா என்றால், அதுவும் இல்லை. சகாயம் அவர்கள் ஆட்சிப்பணியில் இருபது முறைக்கு மேல் இடமாற்றம் செய்யப்பட்டார்; அதைச் சொல்லிச் சொல்லி அவரைப் பாராட்டினோம். அரியானாவில் அசோக் கெம்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கண்டு 2025இல் ஓய்வுபெற்றபோது, அவருடைய நேர்மைக்கு அந்த எண்ணிக்கையே சான்று என்றோம். நம் பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்கின்றனர். அவர்களைக் கண்ணீரோடு வழியனுப்புகிறோமேயன்றி, ஒரு பங்கிலும் நிலைக்காதவர் என்று எவரும் சொல்வதில்லை. மாவட்ட ஆட்சியர் மாறினால் நிர்வாகம்; ஆசிரியர் மாறினால் அவருடைய நடத்தையில் ஐயம். மேலே ஓர் அமைப்பு நின்று அடுத்த நாற்காலியை உறுதிசெய்யும்போது மாற்றம் மரியாதை பெறுகிறது. தன் காலாலேயே அடுத்த நாற்காலியைத் தேட வேண்டியவருக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது. எனவே நாம் வெறுப்பது மாற்றத்தை அன்று. ஆதரவற்ற நிலையையே வெறுக்கிறோம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நினைத்துப் பாருங்கள். 1930இல் பிறந்து 1959இல், முப்பது வயது நிறையுமுன்னே மறைந்த அக்கவிஞர், உழவு, மாடு மேய்த்தல், மாம்பழ வியாபாரம், இட்லியும் முறுக்கும் விற்றல், உப்பள வேலை, மீனும் நண்டும் பிடித்தல், தண்ணீர் வண்டி இழுத்தல், நாடக நடிப்பு என்று 17 தொழில்கள் பார்த்தவர் எனச் சொல்வார்கள். அவர் பாட்டில் உழைப்பவரின் வியர்வை மணப்பதற்கு அந்தத் தொழில்களே காரணம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவரே ஒரு தன்விவரக் குறிப்புடன் நம் தேர்வுக்குழுவின்முன் வந்து நின்றிருந்தால்? பதினேழையும் எண்ணிப் பார்த்து, பதினெட்டாவது நாற்காலியை மறுத்திருப்போம். பல இடங்களில் உழைத்தவர், பல வகை மனிதரையும் பல வகைச் செயல்முறைகளையும் அறிந்தவர் என்பது, இறந்த கவிஞர்க்கு மட்டும் நாம் வழங்கும் சலுகையாக இருக்கலாமா?

இவ்விடத்தில் வாசகர் சிலர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "ஊன்றி நிற்றல் ஒரு நற்பண்பு அல்லவா? நம் துறவியரின் மரபே அதைப் போற்றவில்லையா?" உண்மை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தபோது, மடத்துக்கு மடம் அலைந்து திரியும் துறவியரைக் கடிந்துரைத்தார்; தம் சபையினர் ஒரே மடத்தில் நிலைத்திருக்க வாக்களிக்க வேண்டும் என்றார். ஆனால் அதே ஒழுங்குமுறை மடத்தலைவர்மேல் சுமத்தும் கடமைகளையும் படித்துப் பார்க்க வேண்டும். தம் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் அவர் இறைவன்முன் கணக்குக் கொடுக்க வேண்டியவர். நோயுற்றோரைக் கிறிஸ்துவையே பேணுவதுபோல் பேண வேண்டியவர். அங்கே நிலைத்திருக்கும் வாக்கை ஒருவர் கொடுக்கிறார். தாங்கிக்கொள்ளும் பொறுப்பை மற்றவர் ஏற்கிறார். நிலைத்தன்மை என்பது இருபுறமும் கையொப்பமிட வேண்டிய உடன்படிக்கை. ஏப்ரலில் விலகல் கடிதம் எழுதி வாங்குகிறவர், அந்த உடன்படிக்கையின் பெயரைச் சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார்.

பொறுப்பற்று வேலை மாறுவோர் உலகில் இல்லையென்று நாம் வாதிடவில்லை. தேர்வு நெருங்கும் நேரத்தில் மாணவரைத் தவிக்கவிட்டுச் செல்வோரும், எங்குச் சென்றாலும் சண்டையோடு வெளியேறுவோரும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைவோரும் உண்டு. அவர்களால் உடன் உழைப்போர் படும் தொல்லையையும் நாம் அறிவோம். ஒருவர் திடீரென்று சென்றால் அவருடைய சுமை மற்றவர் தோளில்தான் ஏறும். ஆனால் அத்தகையோரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது எப்படி? தாளில் உள்ள எண்ணிக்கை அதைச் சொல்லாது. விசாரித்தால்தான் தெரியும். அதுபோலவே, முப்பது ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்தவரெல்லாம் பற்றுறுதி மிக்கவர் என்பதும் பொய். வேறிடம் கிடைக்காத அச்சத்தால் இருந்தவரும், அநீதியைக் கண்டு வாய்மூடி இருக்கப் பழகியதால் இருந்தவரும் அவர்களுள் உண்டு. நம் கணித ஆசிரியர் ஐந்தாவது பள்ளியில் அந்தச் சிறுவனை வெளியேற்றச் சம்மதித்திருந்தால், இன்றும் அங்கேயே நிலைத்திருப்பார். நம் குழுவும் அவரை நிலையானவர் என்று மெச்சியிருக்கும்.

திராட்சைத் தோட்ட வேலையாள்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நம் எல்லாருக்கும் தெரிந்ததே. அதில் நாம் வழக்கமாகக் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. பொழுது சாயும் வேளையில் சந்தைவெளியில் நின்றவர்களைக் கண்ட நிலக்கிழார், சோம்பேறிகள் என்று முடிவு கட்டிக்கொண்டு கடந்து போகவில்லை; ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டார். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் விடை சொன்னார்கள். அந்த விடையை அவர் நம்பினார், தோட்டத்திற்கு அனுப்பினார். உவமையில் முணுமுணுத்தவர்கள் யார்? விடியற்காலை முதல் அங்கேயே இருந்த உடன் உழைப்பாளர்கள். தம் கூலியில் ஒரு காசும் குறையாதபோதும், பின்னால் வந்தவர் தமக்குச் சமமாக்கப்பட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. உணவு வேளையில் புதியவர்க்குப் பட்டப்பெயர் சூட்டும் நாம் இந்த உவமையில் எங்கே நிற்கிறோம் என்பதை மற்றொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அவ்வாறாயின் செய்ய வேண்டுவது என்ன? பெரிய புரட்சி எதையும் நாம் கேட்கவில்லை. தேர்வுக்குழுவில் அமர்வோர், எண்ணிக்கையைக் கண்டு முடிவெடுக்குமுன் காரணத்தைக் கேட்கட்டும். கேட்கும்போது காவல் நிலையத்தில் கேட்பதுபோல் அன்றி, ஒரு மனிதரின் வரலாற்றைக் கேட்பதுபோல் கேட்கட்டும். நிறுவனம் நடத்துவோர், விலகுகிறவர்க்கு அனுபவச் சான்றிதழை அன்றே கொடுக்கட்டும். பிறருடைய மூலச் சான்றிதழைப் பிணையாகப் பூட்டி வைக்கும் வழக்கத்தை இன்றே ஒழிக்கட்டும். வருங்கால வைப்புநிதியைப் பிடித்தம் செய்து ஒழுங்காகச் செலுத்தட்டும். பத்தாண்டுப் பணி இருந்தால்தான் அந்நிதியின் ஓய்வூதியம் கிட்டும். பல நிறுவனங்களில் செய்த பணியைச் சேர்த்துக் கணக்கிட வழியும் உண்டு. 2014 முதல் தொழிலாளிக்கு ஒரே நிலையான கணக்கு எண்ணும் வழங்கப்படுகிறது. ஒரு நிறுவனம் செலுத்தாமல் விட்டால், அந்த ஆண்டுகள் முதுமையில் காணாமற்போகும்.

இவற்றைச் சொல்லும்போது, நம் திருச்சபையின் பெயரால் நடக்கும் பள்ளிகளையும் விடுதிகளையும் மருத்துவமனைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச இயலாது. ஏப்ரல் கடிதம் நம் வளாகங்களில் இல்லவே இல்லை என்று மார்தட்ட நம்மால் முடியுமா? இல்லையெனில் மகிழ்ச்சி. இருக்குமாயின், மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டு, அதே மே மாதத்தில் ஆசிரியர்க்கு ஊதியம் மறுப்பதற்கு நாம் என்ன விளக்கம் சொல்லப்போகிறோம்?

நிறுவனம் எதையும் நடத்தாத சாதாரணப் பொதுநிலையினராகிய நமக்கும் பங்குண்டு. அன்பியக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்செழும்போது, மணம் பேசும் வீட்டில் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது, "அவர் எங்கும் நிலைக்காதவர்" என்னும் சொல் நம் நாவின் நுனிக்கு வரும். அதை அங்கேயே நிறுத்துவோம். அதன் காரணம் நமக்குத் தெரியுமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அலுவலகத்தில் புதிதாய் வந்தவருக்கு முதல் நாளே நம் உணவு மேசையில் ஓர் இடம் ஒதுக்குவோம். ஏழு இடங்களில் அன்னியராய் அமர்ந்து எழுந்தவருக்கு எட்டாவது இடத்தில் கிடைக்கும் அந்தச் சிறு வரவேற்பே, அவர் அங்கு நிலைப்பதற்கு முதற் காரணமாக இருக்கக்கூடும்.

அன்று விடுதியில் அறைச் சாவியைக் கொடுக்கும்போது அந்த ஆசிரியர் ஒன்று சொன்னார்: "தீபம் முடிந்தால் இங்கும் ஆள் குறைப்பார்கள், சார்." குறைத்தார்கள். அதன்பின் அவரைச் செங்கம் சாலையில் காணோம். அவருடைய தன்விவரக் குறிப்பில் எட்டாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். இந்நேரம் எங்கோ ஒரு மேசையின்மேல் அது கிடக்கும். எவரோ ஒருவர் அதை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் ஒருவராவது இதைப் படித்தவராக இருந்து, "அவரையே கேட்போமே" என்று சொல்வாராயின், நாம் அன்று தலையசைத்த குற்றத்திற்குச் சிறிதேனும் ஈடு செய்தவர்கள் ஆவோம்.